நிற்கிற வண்டிக்கு ஒரு சார்ஜர்

786
புறக்கோட்டை, கொழும்பு
21-2-1960

என் நெஞ்சில் நிறைந்த ஹபீபாவுக்கு உன் மச்சான் ஜெய்னுலாபுதீன் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் உடம்புக்குச் சுகம். மனதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உனக்குப் பொறுமையைக் கொடுக்கச் சொல்லி ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

நேற்று முன்தினம் சல்மாவுக்கு நாற்பதாம் நாள். இங்குள்ள பள்ளியில் யாசீன் ஓத வைத்தேன். ஆறு வயது மகளின் ஜனாஸாவுக்கு வரமுடியாத பாவியாகிவிட்டேன். என் பெர்மிட் இன்னும் கச்சேரி ஆபீசில் கிடக்கிறது. இந்த நேரம் கடலைத் தாண்டினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். நாலைந்து மாதம் பொறுத்துக்கொள்.

நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்ததில் ஒன்று தோன்றியது. நம் ஆஸ்டின் கார் மாதத்தில் இருபத்தைந்து நாள் கொட்டகையில் சும்மா நிற்கிறது. நிற்கிற வண்டியின் பேட்டரி தானாகவே வடிந்துபோகும். அதிலும் தொண்டியில் உப்புக் காற்று. அன்றைக்கு அது நம்மைக் கைவிட்டது, இனி விடக்கூடாது. ஆகவே ஒரு சார்ஜர் பெட்டி வாங்கி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ராமநாதபுரம் மெக்கானிக் முனியசாமிக்கும் எழுதிவிட்டேன். அவன் வந்து கொட்டகைச் சுவரில் நிரந்தரமாக மாட்டித் தருவான். வீட்டுக் கரண்டிலிருந்து பேட்டரிக்குக் கொஞ்சங் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். வண்டியை எடுக்கும்போது பிளக்கை உருவினால் போதும். கொண்டுவந்து நிறுத்தியதும் சொருகிவிட வேண்டும்.

அதைக் கவனிப்பது உன் பொறுப்பு. பெட்டியில் ஒரு முள் இருக்கும், அது ஒன்றில் நிற்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேட்டரியின் மூடிகளைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில் வாட்டர் ஊற்று. கிணற்றுத் தண்ணீர் ஆகாது. கம்பி முனையில் பச்சைப் பூ பூத்தால் துடைத்துவிட்டு வாஸலைன் தடவு. விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோகாதே.

என் உடன்பிறந்த காக்கா மிகவும் இடிந்துபோயிருப்பதாக எழுதியிருக்கிறார். அவரிடம் பழசைக் கிளறாதே.

உன்னைப் பிரிந்து வாடும்
ஜெய்னுலாபுதீன்


786
தொண்டி
12-3-1960

அன்புள்ள மச்சானுக்கு ஹபீபா சலாம் கூறி எழுதுவது.

உங்கள் பெட்டி வந்தது. நோன்பு பதிமூன்று அன்று முனியசாமி வந்து மாட்டிவிட்டுப் போனான். கொட்டகையில் வடக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. தேனீக்கூடு மாதிரி சத்தம். முள் ஒன்றில் நிற்கிறது. பொறுப்பு என்றீர்கள், சொல்லிவிட்டேன்.

பிள்ளை போய் இரண்டு மாதம். நாலு கடிதம் போட்டிருக்கிறீர்கள். மூன்றில் பெர்மிட், நாலாவதில் பேட்டரி. "ஹபீபா, அன்றைக்கு என்ன நடந்தது, நீ சொல்லு" என்று ஒரு வரி கேட்கத் தோன்றவில்லையே உங்களுக்கு. காக்கா எழுதினால் போதுமா? அவர் பெற்றாரா? நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லப்போகிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாள் லேசான காய்ச்சல். கஷாயம் கொடுத்தேன், விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். திங்கட்கிழமை காலை எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சில் ஒரு இழுப்பு. பத்து மணிக்குக் கம்பவுண்டர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். "தொண்டையில வெள்ளை படந்துருச்சு. அதுக்கு ஊசி ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. இப்பவே கெளம்புங்க" என்றார்.

வண்டிச் சாவி எப்போதும் உங்கள் காக்காவிடம்தானே. கொட்டகை வாசலில் சுவர் மறைவில் நின்று சொன்னேன். உள்ளே போனார். வெளியே வந்து, "செல்ஃப் இழுக்கல. பேட்டரி செத்துப்போச்சு" என்றார். மறுநாள் அவர் மகள் மஜீதாவுக்கு நிக்காஹ். வீடு நிறைய ஆட்கள். ஆளுக்கொரு வேலை. என்னோடு வர ஒருவரும் இல்லை. ஒரு மணி பஸ்ஸுக்காகக் காத்திருந்து, பிள்ளையைத் துப்பட்டிக்குள் போர்த்தி நான் மட்டும் ஏறினேன். இழுப்புச் சத்தம் கேட்டால் இறக்கிவிட்டுவிடுவார்களோ என்று அவள் முகத்தை என் நெஞ்சோடு அமுக்கிப் பிடித்திருந்தேன். நான்தான் மூச்சை அடைத்துவிட்டேனோ என்று இன்றும் நினைக்கிறேன்.

தேவிபட்டினம் தாண்டியதும் சத்தம் நின்றது. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

எதிரே வந்த உப்பு லாரிக்காரர் ஒருவர்தான் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். யார் பெற்ற மகனோ, வழி முழுக்க அழுதுகொண்டே ஓட்டினார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மறுநாள் காலையில் நம் வண்டியின் ஹாரன் கேட்டது. மாப்பிள்ளையை அழைத்துவரத் தேவிபட்டினம் போகிறதாம். "ராத்திரியே மெக்கானிக் வந்து சரிபண்ணிட்டான்" என்றார்கள். நல்லது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் ஆன பிறகு எனக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் வந்திருக்க வேண்டும் மச்சான்.

இப்படிக்கு
உம்மு ஹபீபா


786
கொழும்பு
9-4-1960

ஹபீபாவுக்கு,

உன் கடிதம் பெருநாள் கழித்துக் கிடைத்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

துக்கத்தில் எழுதியிருக்கிறாய், அதனால் மன்னிக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். காக்காவைப் பற்றி எழுதும்போது எழுத்தில் மரியாதை வேண்டும். வாப்பா கடலில் மூழ்கிப் போனபோது எனக்கு எட்டு வயது. எனக்குச் சோறு போட்டவர் அவர், என்னைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து கடையில் உட்கார வைத்தவர் அவர். "காக்கா பெற்றாரா" என்று கேட்கிறாயே, என்னை அவர்தான் வளர்த்தார்.

கேள்வி கேட்பதென்றால் நானும் கேட்கலாம். சனிக்கிழமையே காய்ச்சல் என்று நீயே எழுதியிருக்கிறாய். கல்யாண வீட்டில் சொன்னால் சங்கடம் என்று இரண்டு நாள் மறைத்தாயா? பெற்றவள் நீ. ஞாயிற்றுக்கிழமையே கம்பவுண்டரைக் கூப்பிட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. யோசித்துப் பார்.

பேட்டரி விஷயம் ஒரு வரியில் முடித்துவிட்டாய். தண்ணீர் ஊற்றினாயா? முள் ஒன்றுக்கு மேலே போகிறதா? விவரமாக எழுது.

ஜெய்னுலாபுதீன்


786
தொண்டி
18-6-1960

மச்சானுக்கு,

தண்ணீர் ஊற்றினேன். முள் ஒன்றில் நிற்கிறது. பச்சைப் பூ துடைத்தேன். விவரம் போதுமா?

ஏப்ரல் மாதக் கடிதத்துக்கு ஏன் பதில் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் கேட்ட கேள்வி சரிதானோ என்று அறைக்குள்ளேயே கிடந்தேன். இரண்டு மாதம். ஒவ்வொரு நாளும் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பத் திரும்ப வாழ்ந்தேன். நம் உறவிலும் என் காது கேட்கவே சொன்னார்கள், "தாய் கவனமாயிருந்தா புள்ளை தங்கியிருக்கும்" என்று. நானும் ஆமாம் என்றேன். கேளுங்கள், நானே ஆமாம் என்றேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து முனியசாமி சார்ஜரைச் சோதிக்க வந்தான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசினேன்.

"நல்லா இருக்கு தாயி. இது நான் கார்த்திகையில மாட்டுன புது பேட்டரி. அஞ்சு வருசத்துக்கு அசையாது" என்றான்.

"புதுசா? மார்கழியிலேயே செத்துப்போச்சே. நீங்கதானே ராத்திரி வந்து சரிபண்ணுனீங்க?"

"நானா? கார்த்திகைக்குப் பெறகு இந்தப் பொட்டி மாட்டத்தான் தாயி இங்கன வந்தேன். செத்த பேட்டரின்னா கடைக்குக் கொண்டாந்து ஒரு பகல் ஒரு ராத்திரி போட்டு ஏத்தணும். நடு வீட்டுல சரிபண்ண ஏலாது. அதும்போக, பேட்டரி செத்தா வண்டி நின்னுருமா? டிக்கியில ஹாண்டில் கம்பி கெடக்குல்ல? முன்னாடி சொருகி ரெண்டு சுத்து சுத்துனா கெளம்பிரும். அதுக்கும் மசியலையா, நாலு ஆளு தள்ளுனா ஓடிரும். வண்டி ஓட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதானே."

பிறகு அவன் பெட்டியின் மூடியைத் திருகி மாட்டிவிட்டுப் போய்விட்டான். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரியாது. நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு அந்த வீட்டில் நாற்பது ஆண்கள் இருந்தார்கள் மச்சான். பந்தல்காரர்கள் மட்டும் பத்துப் பேர். ஒரே ஒரு குரல் கொடுத்திருந்தால் வண்டியைத் தூக்கிக்கொண்டே ராமநாதபுரம் போயிருப்பார்கள்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு உங்கள் காக்கா சாப்பிட்டு எழுந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் திரைக்கு வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன்.

"பெரிய மச்சான், அன்னைக்கு வண்டி கெளம்பலையா, நீங்க கெளப்பலையா?"

"பொம்பளைக்கு வண்டியப் பத்தி என்ன பேச்சு? உள்ள போ."

"சொல்லுங்க. டிக்கியில ஹாண்டில் கெடந்துச்சா இல்லையா?"

நான் போகவில்லை. அவர் குரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும். பெண்டுகள் எல்லாம் ஓடிவந்தார்கள். பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "அது ஒட்டுவாரொட்டி நோய் புள்ள. மறுநாள் அந்த சீட்டுல மாப்பிள்ளை உக்காரணும். தெரிஞ்சா சம்பந்தம் முறிஞ்சுபோகும். பஸ்ஸுல போனாலும் ரெண்டு மணி நேரம் பிந்தும், அவ்வளவுதானேன்னு நெனச்சேன். இப்புடி ஆகும்னு நான் கண்டேனா?"

ரெண்டு மணி நேரம், அவ்வளவுதானே என்று நினைத்தாராம்.

இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது முதலில் உங்களுக்காகத்தான் அழுதேன். பாவம், என் மச்சான் இத்தனை நாள் ஒரு பொய்யை நம்பிக்கொண்டு, கடல் கடந்து பெட்டி வாங்கி அனுப்பினாரே என்று. பாதி எழுதிய பிறகு பேனா நின்றுவிட்டது. முனியசாமி சொன்னது காதில் விழுந்தது: வண்டி ஓட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி.

நீங்கள் வண்டி ஓட்டுவீர்கள். கல்யாணமான புதிதில் உத்தரகோசமங்கை ரோட்டில் இதே வண்டி நின்றுபோனபோது, ஹாண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பியவர் நீங்கள்தான். நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரி செத்ததால் வண்டி போகவில்லை என்று உங்கள் காக்கா எழுதியபோது, நீங்கள் அதை நம்பினீர்களா? எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

உம்மு ஹபீபா


786
கொழும்பு
16-7-1960

ஹபீபா,

நீ முற்றத்தில் நின்று கத்தியது கடைத்தெரு வரைக்கும் கேட்டதாம். இங்கே கொழும்பில் எனக்கு மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். ஒரு குடும்பத்தின் மானத்தை ஒரு மத்தியானத்தில் கொட்டிவிட்டாய். காக்கா அதற்குப் பிறகு ஜும்ஆத் தொழுகைக்குக்கூடப் போகவில்லையாம். திருப்திதானே உனக்கு?

இதை எழுதிவிட்டு நாலு நாள் மூடி வைத்திருந்தேன். கிழித்துப்போடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை, எழுதியவன் நான்தான்.

நீ கேட்டதற்குப் பதில். நான் நம்பவில்லை. நம்பவேண்டிய அவசியமே வரவில்லை. காக்கா எனக்குப் பொய் எழுதவில்லை. அடக்கம் முடிந்த நாலாம் நாளே உள்ளதை உள்ளபடி எழுதினார். "நான் தப்புப் பண்ணிவிட்டேன் தம்பி. உன் பெண்சாதியிடம் பேட்டரி என்று சொல்லியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். அவள் தாங்கமாட்டாள்" என்று எழுதினார். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

அன்று கடையின் பின்கட்டில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அவரைத் திட்டி ஏழெட்டுக் கடிதம் எழுதினேன், ஒன்றையும் தபாலில் போடவில்லை. எனக்கு வாய் வரவில்லை ஹபீபா. எட்டு வயதிலிருந்து அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டவன். அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்ல என் நாக்குக்குப் பழக்கமில்லை. அதனால் பேட்டரி என்றே இருக்கட்டும் என்று விட்டேன். பேட்டரி என்றால் அதற்கு ஏதாவது செய்யவேண்டும் அல்லவா? செய்யாவிட்டால் உனக்குச் சந்தேகம் வரும். சார்ஜர் வாங்கினேன். வாங்கி, மாட்டச் சொல்லி, முள் எங்கே நிற்கிறது என்று கேட்கக் கேட்க, பேட்டரிதான் காரணம் என்று எனக்கே பாதி ஆகிவிட்டது.

பெர்மிட் வந்ததும் வருகிறேன். நேரில் பேசிக்கொள்ளலாம். அதுவரை வீட்டுக்குள்ளேயே இரு.

ஜெய்னுலாபுதீன்


786
வேதாளை
20-8-1960

ஜெய்னுலாபுதீன் அவர்களுக்கு,

மேலே உள்ள ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். என் உம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே வந்துவிட்டேன்.

உங்கள் காக்காவை என்னால் வெறுக்க முடிகிறது. அது லேசாக இருக்கிறது. அவர் ஒரு மனிதர், மகள் கல்யாணத்துக்காக என் மகளை விட்டார். குற்றம் செய்தார், பயந்தார், பொய் சொன்னார். அவரை அல்லாஹ் கேட்டுக்கொள்வான்.

உங்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரலில் எழுதினீர்களே, "இரண்டு நாள் மறைத்தாயா? பெற்றவள் நீ. யோசித்துப் பார்" என்று. அதை எழுதும்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். காக்காவின் கடிதம் அதற்கு மூன்று மாதம் முன்பே வந்து, படித்து, எரித்தும் ஆயிற்று. தெரிந்துகொண்டே கையில் பேனாவைப் பிடித்து, என் பிள்ளையை நானே கொன்றேன் என்று என்னை நினைக்க வைத்தீர்கள். நானும் இரண்டு மாதம் நினைத்தேன். நான் கிணற்றில் விழாமல் இருந்தது உங்கள் புண்ணியமில்லை. "அவள் தாங்கமாட்டாள்" என்றார்களாம் அண்ணனும் தம்பியும். பொய்யையே தாங்கியவள் நான், உண்மையைத் தாங்கமாட்டேனா?

அந்தப் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றியவளும் நான்தான். என் மகளைக் கொன்ற பொய்க்கு என்னையே காவல் வைத்தீர்கள். என்றைக்காவது அது கூடுதலாகச் சத்தம் போட்டால், பேட்டரிக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறேன். 

காஜியாரிடம் குலா கேட்டிருக்கிறேன். நான்தான் விலகுகிறேன், நீங்கள் என்னை விலக்கவில்லை. தொண்டி ஜமாஅத்தில் விசாரணை வைத்தார்கள். நான் நடந்ததைச் சொன்னபோது, "சாட்சி உண்டா?" என்றார் ஒரு பெரியவர். பக்கத்தில் திரைக்குள் உட்கார்ந்திருந்த மஜீதா பேசினாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. ஆறு மாதக் கர்ப்பத்தோடு தேவிபட்டினத்திலிருந்து தானாக வந்திருந்தாள்.

"நான் சாட்சி. எங்க வாப்பா எங்கிட்ட ஒத்துக்கிட்டாங்க. அந்த வண்டியிலதான் என் மாப்பிள்ளை வந்தாங்க. எனக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா நிக்காஹே வேணாம், புள்ளையக் கொண்டுபோங்கன்னு சொல்லியிருப்பேன். என்கிட்ட யாரும் கேக்கல" என்றாள். அவள் மாப்பிள்ளையும் ஆண்கள் பக்கத்தில் எழுந்து நின்று, "ஒட்டுற நோயின்னாலும் நான் சம்பந்தத்தை முறிச்சிருக்கமாட்டேன். என்னைக் கேட்டிருக்கலாம்" என்றார். உங்கள் காக்கா அழுதார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பேப்பர் உங்களுக்கு வரும். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நேரில் பேச ஒன்றுமில்லை. மஹர் பணத்தில் எனக்கு எதுவும் வேண்டாம்.

உம்மு ஹபீபா


786
கொழும்பு
4-11-1960

உம்மு ஹபீபாவுக்கு,

கையெழுத்துப் போட்டுக் காஜியாருக்கு அனுப்பிவிட்டேன். அதில் எழுதியிருந்த எதையும் நான் மறுக்கவில்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஏப்ரலில் அப்படி எழுதியது ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். யாராவது ஒருவர்மேல் பழி விழவேண்டியிருந்தது. காக்காமேல் போட என்னால் முடியவில்லை, என்மேல் போட்டுக்கொள்ளத் தைரியமில்லை, நீ பக்கத்தில் இல்லை, உன்மேல் போட்டேன். அவ்வளவுதான். இதைவிட நல்லதாக ஒரு காரணம் கிடைக்கும் என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

காக்காவுக்கு எழுதினேன், இந்தத் தடவை தபாலிலும் போட்டேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. எனக்கு அவர் இனி இல்லை. பிந்திவிட்டது, தெரியும்.

பெர்மிட் கிடைத்துவிட்டது. டிசம்பர் கடைசியில் கப்பலேறி தனுஷ்கோடி வந்து, நேராகத் தொண்டி போகிறேன். அந்த வீட்டுக்குள் காலை வைக்கமாட்டேன். வேதாளைக்கும் வரமாட்டேன், பயப்படாதே.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். சல்மாவை அடக்கிய கபுர் எங்கே இருக்கிறது? பெற்றவன், ஊராரிடம் போய்க் கேட்க வெட்கமாக இருக்கிறது. உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும், எழுத மனமில்லாவிட்டாலும், சரி.

ஜெய்னுலாபுதீன்


786
வேதாளை
2-12-1960

ஜனாப் ஜெய்னுலாபுதீன் அவர்களுக்கு,

ஸலாம்.

கபுர்கள் இருக்கிற இடத்துக்குள் பெண்கள் போகும் வழக்கமில்லை. விசாரணை முடிந்து தொண்டியை விட்டு வருகிற அன்று மதிலுக்கு வெளியே நின்றேன், மஜீதாவின் மாப்பிள்ளை உள்ளே போய் நின்று இடத்தைக் காட்டினார்.

பள்ளிவாசலின் தெற்கு வாசல் வழியாகப் போங்கள். கடல் பக்கத்து மதிலை ஒட்டி ஒரு பூவரச மரம். அதற்கு முன்னால் சிறு பிள்ளைகளின் வரிசை. மரத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது.

தலைமாட்டில் ஒரே ஒரு கல் இருக்கிறது, பெயர் இல்லை. ஐப்பசி மழையில் மண் இறங்கியிருக்கும், மேடு தெரியாது. பார்த்து நடங்கள். மிதித்துவிடாதீர்கள்.

உம்மு ஹபீபா